பாக்கெட் சைஸ் சாசனம் முதல் செங்கோல் வரை: இன்னிக்கு ஓடற சண்டை எல்லாத்துக்கும் முதல் ரவுண்டு 1946-49லயே நடந்தாச்சு

முனிர்கா_முரளி எழுதியது:

டெல்லி மக்களே, 2024 தேர்தல்ல இருந்து ஒரு குட்டி புக் செம ஃபேமஸ், சிவப்பு அட்டை போட்ட பாக்கெட் சைஸ் அரசியல் சாசனம். ராகுல் காந்தி மேடைக்கு மேடை அதைத் தூக்கிக் காமிச்சார், எதிர்க்கட்சி எம்பிக்கள் நிறைய பேர் பதவிப் பிரமாணம் எடுக்கறப்போ அதைக் கையிலயே வச்சிருந்தாங்க, அந்தப் பக்கம் மோடி பழைய பார்லிமெண்ட் கட்டடத்துல கூட்டணி எம்பிக்கள் கூட்டத்துக்கு வந்தவுடனே சாசனத்தை நெத்தியில ஒத்திக்கிட்டார்.

இந்த பாக்கெட் சைஸ் ஆசையை அப்பவே, சாசனத்தை எழுதின அரசியல் நிர்ணய சபையில சொன்னது நம்ம ஊர்ல இருந்து போன ஒரு அம்மா. 1949 நவம்பர் 24, அரசியல் நிர்ணய சபையோட கடைசி நாட்கள், மெட்ராஸ் மாகாணத்து மெம்பர் அம்மு சுவாமிநாதன் எழுந்து, சாசனம்னா பர்ஸ்லயோ பாக்கெட்லயோ போட்டு எடுத்துட்டுப் போற மாதிரி சின்ன புக்கா இருக்கும்னு நினைச்சிருந்தேன், இவ்ளோ பெருசா பண்ணிட்டீங்களேன்னு சொன்னாங்க. சுபாஷ் போஸ் படையில இருந்த கேப்டன் லட்சுமியோட அம்மா இவங்க. 1952ல திண்டுக்கல்ல நின்னு எம்பி ஆனாங்க.

இதைப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரே பரபரப்பு. இன்னிக்கு டிவில எந்தச் சண்டை ஓடினாலும் அதோட முதல் ரவுண்டு அந்த சபையிலயே நடந்திருக்கு, அதுவும் இப்போ இருக்கறதை விட நல்ல ஆட்டமா நடந்திருக்குன்றதுதான் நான் சொல்ல வர்றது. அதனால இந்த இழைக்கு ஒரே ஒரு ரூல். இன்னிக்கு அரசியலை யார் வேணா பேசலாம், எந்தக் கட்சிக்காரங்க வேணா வரலாம், ஆனா சண்டையைச் சொல்றவங்க முதல் ரவுண்டையும் சேர்த்துச் சொல்லணும், தேதி தெரிஞ்சா தேதியோட.

லஜ்பத்நகர்_லட்சுமணன் எழுதியது:

நான் ஆரம்பிக்கறேன். 2023ல ஜி20 விருந்து அழைப்பிதழ்ல பாரத் ஜனாதிபதின்னு அடிச்சதுக்கு என்ன கலாட்டா பண்ணாங்க ஞாபகம் இருக்கா. என்னமோ அன்னிக்கு ராத்திரி யாரோ கண்டுபிடிச்ச பேர் மாதிரி பேசினாங்க. சாசனத்தோட முதல் ஷரத்தே இந்தியா, அதாவது பாரதம்னுதான் ஆரம்பிக்குது. 1949 செப்டம்பர் 18ம் தேதி எச்.வி.காமத் பாரதம்ன்ற பேர் முன்னாடி வரணும்னு திருத்தம் கொண்டு வந்தார், ஓட்டு எடுத்தாங்க, ஆதரவு 38, எதிர்ப்பு 51. பதிமூணு ஓட்டுதான் வித்தியாசம். அப்போ அது ஒண்ணும் கிறுக்குத்தனமான கோரிக்கை இல்ல, அன்னிக்கு ஓட்டுப் போட்டவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேரு கேட்ட விஷயம்.

மயூர்விகார்_மீனா எழுதியது:

லட்சுமணன் சார், அந்த விவாதத்துல ஒரு இடத்தை விட்டுட்டீங்க. காமத் பேருக்கான சரித்திரத்தை விஸ்தாரமா எடுத்து விட ஆரம்பிச்சார், அம்பேத்கருக்குப் பொறுமை போயி, இதையெல்லாம் இப்போ கிளறணுமா, எவ்ளோ வேலை பாக்கி இருக்குன்னு எழுந்துட்டார். அந்த ரெண்டு மாசம் மனுஷன் எந்த அவசரத்துல இருந்திருப்பார்னு அந்த ஒரு வரியிலயே தெரியும்.

காமத் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு. ஐசிஎஸ் வேலையை உதறிட்டு சுபாஷ் போஸோட ஃபார்வர்ட் பிளாக்ல சேர்ந்தவர். சபையில எதுக்கெடுத்தாலும் எழுந்துடுவார். அவரோட பெரிய ரவுண்டு 1949 அக்டோபர் 17, முகவுரை விவாதம். கடவுளின் பெயரால்னு ஆரம்பிக்கணும்னு திருத்தம் கொடுத்தார். பூர்ணிமா பானர்ஜி, தயவு செஞ்சு கடவுளை ஓட்டுக்கு விடற சங்கடத்துல எங்களை மாட்டாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. திருவிதாங்கூர்ல இருந்து வந்த பட்டம் தாணு பிள்ளை, எனக்கு நம்பிக்கை இருக்கு, ஆனா அதை எல்லார் மேலயும் திணிக்க முடியாதுன்ற மாதிரி பேசினார். காமத் விடல. ஓட்டு எடுத்தாங்க. 41க்கு 68. கடவுள் தோத்துட்டார்! காமத் எழுந்து, இது நம்ம சரித்திரத்துல கறுப்பு நாள், கடவுள்தான் இந்தியாவைக் காப்பாத்தணும்னு சொல்லிட்டு உட்கார்ந்தார்.

ஓட்டுல தோத்தவர் அடுத்த ஷரத்துக்கு மறுபடி திருத்தம் எடுத்துட்டு வருவார், வெளிநடப்பு கிடையாது. எனக்கு அதுதான் பிரமிப்பா இருக்கு.

திருநெல்வேலி_டு_நொய்டா எழுதியது:

கடவுள் மட்டும் இல்லக்கா, எதிர் டீமும் தோத்திருக்கு. 1948 நவம்பர் 15ம் தேதி கே.டி.ஷா மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோஷலிச இந்தியான்னு முதல் ஷரத்துல போடணும்னு திருத்தம் கொண்டு வந்தார், அதையும் சபை தள்ளிடுச்சு. சமூகம் எப்படிப் பொருளாதாரத்தை நடத்தணும்னு வருங்கால மக்கள் முடிவு பண்ணட்டும், நாம இப்பவே கட்டிப் போடக் கூடாது, அதோட வழிகாட்டு நெறிகள்ல இதோட சாரம் ஏற்கனவே இருக்குன்னார் அம்பேத்கர். அப்புறம் 1976ல 42வது திருத்தத்துல மதச்சார்பற்ற, சோஷலிசன்ற ரெண்டு வார்த்தை முகவுரைக்குள்ள வந்துச்சு, அதை எடுக்கணும்னு போட்ட கேஸை சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர்ல தள்ளுபடி பண்ணிடுச்சு.

ஸோ, என் ஆஃபீஸ்ல ரெண்டு கட்சி பசங்களும் லஞ்ச் டைம்ல அடிச்சுக்கறப்போ நான் ரெண்டு பேருக்கும் ஒரு ஓட்டு ரிசல்ட் காமிப்பேன், ரெண்டு பேரும் கம்முனு ஆயிடுவாங்க, அப்புறம் ரெண்டு பேருமே முழுசா படிக்கணும்னு லிங்க் கேப்பாங்க. நிஜமா சொல்றேன், இதுல கிடைக்கற சந்தோஷமே தனி.

கரோல்பாக்_காளிமுத்து எழுதியது:

சரி, நம்ம ஊர் மேட்டருக்கு வருவோம். கவர்னர்.

இன்னிக்கு நிலைமை எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாடு அரசு அனுப்பின மசோதாக்கள் ராஜ்பவன்ல கிடந்தது, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் 2025 ஏப்ரல் 8ம் தேதி தீர்ப்பு வந்துச்சு, கெடு விதிச்சாங்க, அப்புறம் ஜனாதிபதி கேள்வி கேட்டு அனுப்ப, நவம்பர் 20ம் தேதி அஞ்சு நீதிபதிகள் பெஞ்ச் அப்படிக் கோர்ட் கெடு விதிக்க முடியாதுன்னுச்சு.

இதுக்கு முதல் ரவுண்டு 1949 மே. வரைவுல, ஜனாதிபதி மசோதாவைத் திருப்பி அனுப்பறதா இருந்தா ஆறு வாரத்துக்குள்ள அனுப்பணும்னு இருந்துச்சு. அதை எடுத்துட்டு கூடிய சீக்கிரம்னு போடலாம்னு அம்பேத்கர் திருத்தம் கொண்டு வந்தார். உடனே யாரு எழுந்திருப்பா? நம்ம காமத்தான். கூடிய சீக்கிரம்னா எப்போ, தெளிவா ஒரு கெடு இருக்கறதுதானே நல்லதுன்னு கேட்டார். ஒத்துக்கல, போயிடுச்சு. கவர்னருக்கான 200வது ஷரத்துலயும் இதே கூடிய சீக்கிரம்தான் உட்கார்ந்திருக்கு. காமத் சொன்னதைக் கேட்டிருந்தா எவ்ளோ வக்கீல் ஃபீஸ் மிச்சம்! எனக்கு அந்த வரியைப் படிச்சப்போ கோபமும் வந்துச்சு, அந்த ஆளை நேர்ல பாத்துக் கை குடுக்கணும்னும் தோணுச்சு.

லஜ்பத்நகர்_லட்சுமணன் எழுதியது:

காளிமுத்து அண்ணே, அதுலயே இன்னொரு பாதி இருக்கு. 1947 ஜூலையில சபை முதல்ல ஒத்துக்கிட்டது கவர்னரை மக்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்கறதுதான். 1949 மே 30, 31ல பிரஜேஷ்வர் பிரசாத் நியமனம்னு திருத்தம் கொண்டு வந்தார், நேரு ஆதரிச்சுப் பேசினார், அது பாஸ் ஆச்சு. மக்கள் தேர்ந்தெடுத்த கவர்னர், மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர், ரெண்டு பேரும் ஒரே மாகாணத்துல இருந்தா மோதிக்குவாங்கன்ற பயம். டெல்லில உட்கார்ந்திருக்கறவங்க நியமிக்கறது இன்னிக்கு எங்க பாஜக ஆளுங்க கண்டுபிடிச்சது இல்ல.

கரோல்பாக்_காளிமுத்து எழுதியது:

ஒத்துக்கறேன் லட்சுமணா, காங்கிரஸ் ஆட்சியில கவர்னர்களை வச்சு எத்தனை அரசைக் கலைச்சாங்கன்னு எங்க கட்சிக்காரனுக்கு நீ சொல்லித் தரணுமா, 1976லயும், காங்கிரஸ் ஆதரவுல ஓடின சந்திரசேகர் ஆட்சியில 1991லயும் போனது எங்க திமுக ஆட்சிதான். ஆனா மத்தியில ஒரு கட்சி, மாகாணத்துல வேற கட்சி வந்தா இந்த நியமன கவர்னர் யார் பேச்சைக் கேப்பார்னு அந்த விவாதத்துலயே கேட்டிருக்காங்க. 1949ல காங்கிரஸைத் தவிர வேற கட்சியே பெருசா கண்ணுல படாத காலம், அப்பவே கேட்டிருக்காங்க பாரு, அந்தத் தீர்க்கதரிசனத்துக்குத் தலை வணங்கணும்.

ஆர்கேபுரம்_சேஷாத்ரி எழுதியது:

எல்லாரும் மெட்ராஸ், மத்தின்னு பேசறேள். நாம குடியிருக்கற ஊரை யாரும் சொல்லலையே. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்ல இருந்து ஆர்.கே.புரம் செக்டார் வரைக்கும் வேலை பாத்த காலம் பூரா இங்கேயே ஓடிடுத்து, இந்த ஊருக்கு முதல்வர் பெரியவரா, லெப்டினென்ட் கவர்னர் பெரியவரான்னு தெரியாமலே ரிட்டயர் ஆயாச்சு.

இதுக்கும் முதல் ரவுண்டு உண்டு. சபையில டெல்லிக்குன்னு ஒரே ஒரு மெம்பர், தேஷ்பந்து குப்தா. அந்த ஒத்தை ஆள் டெல்லி ஜனங்களுக்கு சட்டசபை வேணும்னு விடாம வாதாடினார். 1947ல பட்டாபி சீதாராமையா தலைமையில ஒரு கமிட்டி போட்டா, அந்தக் கமிட்டியும் டெல்லிக்கு லெப்டினென்ட் கவர்னரோட மந்திரிசபையும் சட்டசபையும் குடுக்கலாம்னுதான் சொல்லித்து. வரைவுக் குழு ஒத்துக்கலை. வாஷிங்டன், கான்பெரா எல்லாம் பாருங்கோ, தலைநகரத்தை உள்ளூர் நிர்வாகத்துக்குக் கீழ விடறது சரிப்படாதுன்னுட்டா. அப்புறம் 1952ல ஒரு சட்டசபை வந்து 1956ல போச்சு, 1991ல 69வது திருத்தம், 1993ல தேர்தல், 2023 மே 11ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, அடுத்த வாரமே அவசரச் சட்டம், ஆகஸ்ட்ல புதுச் சட்டம். குப்தா கேட்ட கேள்விக்கு இன்னும் முழு பதில் வரலை. தண்ணி டாங்கர் வரலைன்னா யாரைக் கேக்கணும்னு எங்க பிளாக்ல இன்னிக்கும் ஆளுக்கு ஒரு பேர் சொல்றா.

முனிர்கா_முரளி எழுதியது:

மாமா, இது அருமை! டெல்லித் தமிழர்களுக்கு இதை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

லஜ்பத்நகர்_லட்சுமணன் எழுதியது:

எல்லாரும் தவிர்க்கற விஷயத்தை நானே எடுக்கறேன், செங்கோல். 2023 மே 28ம் தேதி நம்ம ஆதீனங்கள் தேவாரம் பாட புது பார்லிமெண்ட்ல சபாநாயகர் நாற்காலி பக்கத்துல செங்கோல் வச்சப்போ எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. டெல்லில இத்தனை வருஷம் இருக்கேன், பார்லிமெண்டுக்குள்ள தமிழ் இப்படி ஒலிச்சு நான் கேட்டது இல்ல.

கரோல்பாக்_காளிமுத்து எழுதியது:

தமிழ் ஒலிச்சதுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா மவுண்ட்பேட்டன் கையில குடுத்து, திருப்பி வாங்கி, அதுதான் ஆட்சி மாற்றத்தோட அடையாளம்னு சொன்னாங்களே, அதுக்கு ஆதாரம் எங்கன்னு கேட்டா கோவப்படறாங்க. அண்ணா 1947 ஆகஸ்ட் 24ம் தேதி திராவிட நாடு பத்திரிகையில செங்கோல் பத்தி எழுதினதை எடுத்துப் படிங்க, மடம் ஏன் இதைக் குடுக்குது, வாங்கற நேரு ஜாக்கிரதையா இருக்கணும்னு சூடா எழுதியிருக்கார். பத்து நாளுக்குள்ளயே நம்ம ஊர்ல முதல் ரவுண்டு ஆரம்பிச்சாச்சு.

முனிர்கா_முரளி எழுதியது:

ரெண்டு பேருக்கும் பொதுவா எது நிக்குதுன்னு பாப்போம். திருவாவடுதுறை ஆதீனம் சென்னை உம்மிடி பங்காரு செட்டி கடையில செங்கோல் செய்யச் சொன்னது நிஜம். ஆதீனத்துல இருந்து தம்பிரான் சுவாமி டெல்லிக்கு வந்து 1947 ஆகஸ்ட் 14 சாயங்காலம் யார்க் ரோடு 17ம் நம்பர் வீட்டுல நேருகிட்ட குடுத்தது நிஜம், கூட வந்து நாதஸ்வரம் வாசிச்சது டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. அப்புறம் அது அலகாபாத் மியூசியத்துல இருந்தது. அரசாங்கமே அதிகாரப்பூர்வமா நடத்தின ஆட்சி மாற்றச் சடங்கா, ஒரு மடம் மரியாதையா குடுத்த பரிசான்றதுலதான் சண்டை, அதுல என் எண்ணம் ரெண்டாவது பக்கம்தான் சாயுது, ஏன்னா ராத்திரி 11 மணிக்கு சபை கூடி, சுசேதா கிருபளானி வந்தே மாதரம் பாடி, மெம்பர்கள் உறுதிமொழி எடுத்த நிகழ்ச்சி வார்த்தைக்கு வார்த்தை ரெக்கார்டுல இருக்கு, அதுல செங்கோல் இல்ல.

ஆனா ஒண்ணு, யார்க் ரோடுன்னா இன்னிக்கு மோதிலால் நேரு மார்க். நாம பஸ்ல போற ரோடு. அந்த வீட்டு வாசல்ல சுதந்திரத்துக்கு சில மணி நேரம் முன்னாடி ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரம் வாசிச்சிருக்கார்ன்றதுக்கு எந்தக் கட்சியா இருந்தாலும் நாம பெருமைப்படலாம். லட்சுமணன் கண்ணுல தண்ணி வந்ததுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

திருநெல்வேலி_டு_நொய்டா எழுதியது:

புது பார்லிமெண்ட்னு சொன்னவுடனே என் கண்ணு செங்கோல் பக்கம் போகல, நாற்காலி பக்கம் போச்சு. மக்களவையில இப்போ 543 எம்பி, புது அவையில 888 சீட். அந்தக் காலி சீட்ல யார் உட்காரப் போறாங்கன்றதுதான் தொகுதி மறுவரையறை சண்டை. 1971 சென்சஸ் கணக்குல 1976ல உறைய வச்சாங்க, 84வது திருத்தத்துல 2026க்கு அப்புறம் எடுக்கற முதல் சென்சஸ் வரைக்கும் நீட்டினாங்க. தமிழ்நாட்டுக்கு 39. 1962ல 41 இருந்து 1967ல 39 ஆச்சுன்றதை நம்ம ஆளுங்களே நிறைய பேர் மறந்துட்டாங்க.

முதல் ரவுண்டு: அரசியல் நிர்ணய சபைக்கே பத்து லட்சம் பேருக்கு ஒரு மெம்பர்னுதான் மாகாணங்களுக்குக் கணக்கு போட்டாங்க. அதுல ஐக்கிய மாகாணத்துக்கு, அதான் இன்னிக்கு உபி, உத்தரகாண்ட், 55. மெட்ராஸுக்கு 49. ஆறு சீட்தான் வித்தியாசம்! இன்னிக்கு உபி மட்டும் 80.

மயூர்விகார்_மீனா எழுதியது:

தம்பி, அந்த மெட்ராஸ்ல ஆந்திராவோட பெரும்பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்திருந்துச்சு, அதைச் சொல்லாம இந்த நம்பரை ஷேர் பண்ணா நாளைக்கே தப்பான ஃபார்வர்டா திரும்பி வரும். ஆனா நீ கேக்கற கேள்வி ரொம்ப நியாயமானது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செஞ்ச மாநிலத்துக்கு சீட் குறையறதும் தப்பு, ஒரு உபி ஓட்டுக்கு மதிப்பு குறைவா இருக்கறதும் தப்பு, ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பேசற ஆளுங்க அந்த சபையில இருந்தாங்க, இந்த சபையிலயும் இருக்கணும்.

கரோல்பாக்_காளிமுத்து எழுதியது:

இந்தி மேட்டரை யாரும் எடுக்கல, நானே எடுக்கறேன். சபை கூடினது 1946 டிசம்பர் 9. அடுத்த நாளே, ஆமா அடுத்த நாளே, ஜான்சி பக்கத்துல இருந்து வந்த துலேகர் இந்துஸ்தானில பேச எழுந்தார். நிறைய மெம்பருக்கு அந்த மொழி தெரியாதேன்னு தலைவர் ஞாபகப்படுத்தினா, இந்துஸ்தானி தெரியாதவங்களுக்கு இந்தியாவுல இருக்கவே உரிமை இல்லன்னுட்டார். கொடி வரல, சாசனம் வரல, சுதந்திரமே வரல, சண்டை வந்துடுச்சு.

பதில் குடுத்தது நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரி, 1948 நவம்பர் 5ம் தேதி. உபி நண்பர்களே, முழு இந்தியா வேணுமா இந்தி இந்தியா வேணுமா, நீங்களே தேர்ந்தெடுத்துக்கோங்கன்னார். காங்கிரஸ்காரர், திராவிட இயக்கம் கிடையாது, ஆனா அந்த ஒரு பேச்சுக்கு எங்க வீட்டுல அவர் படம் மாட்டலாம்னு எங்க அப்பா சொல்வார்.

லஜ்பத்நகர்_லட்சுமணன் எழுதியது:

சமரச ஃபார்முலா எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தரும் நம்ம ஊர்க்காரர்தானே அண்ணே, தஞ்சாவூர் ஜில்லா கோபாலசாமி ஐயங்கார். முன்ஷியும் அவரும் சேர்ந்து 15 வருஷம் இங்கிலீஷ் தொடரட்டும்னு எழுதி, 1949 செப்டம்பர் 14ல சபை ஒத்துக்கிச்சு. எனக்கு அதுல ஆச்சரியம் மொழி கூட இல்ல, எண்கள். 1, 2, 3ன்னு சர்வதேச எண் போடறதா தேவநாகரி எண் போடறதான்னு அந்த மூணு நாள் மொழி விவாதத்துல அவ்ளோ பெரிய சண்டை. கடைசில 343வது ஷரத்துல இந்திய எண்களின் சர்வதேச வடிவம்னு எழுதினாங்க. ரெண்டு பக்கமும் வீட்டுக்குப் போய் ஜெயிச்சேன்னு சொல்லிக்கற மாதிரி ஒரு வரி! இப்படி எழுதற ஆளு இன்னிக்கு எந்தக் கட்சியில இருந்தாலும் நான் ஓட்டுப் போடுவேன்.

திருநெல்வேலி_டு_நொய்டா எழுதியது:

கொஞ்சம் ஸ்போர்ட்ஸ் பக்கமும் வாங்க. ஜெய்பால் சிங் முண்டா. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ்ல இந்திய ஹாக்கி கேப்டன், நமக்கு முதல் தங்கம். அவர் சபையில 1946 டிசம்பர் 19ம் தேதி எழுந்து, நான் ஒரு காட்டுவாசின்னு பெருமையா ஆரம்பிச்சு, ஆதிவாசிகளுக்கு நீங்க ஜனநாயகம் சொல்லித் தர முடியாது, நீங்கதான் அவங்ககிட்ட கத்துக்கணும்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

அப்புறம் மதுவிலக்கு விவாதம், 1948 நவம்பர். டாஸ்மாக்கை மூடணுமா, டெல்லி மதுக் கொள்கை ஊழலா இல்லையான்னு நாம பேசறதுக்கெல்லாம் மூலம் அந்த 47வது ஷரத்து. நிறைய பேர் மதுவிலக்கைப் புகழ்ந்து பேச, இவர் எழுந்து, அரிசி பீர் எங்க சாமி கும்பிடறதோட சேர்ந்தது, சந்தால் ஜனங்களுக்கு அதை இல்லன்னா மேற்கு வங்கத்துல நாத்து நடவே நடக்காதுன்னு சொன்னார். ஓட்டுல தோத்தார். ஆனா சேத்துல இறங்கி நிக்கறவங்க பேச்சை அந்த ஹாலுக்குள்ள கொண்டு வந்தது அவர் ஒருத்தர்தான்.

மயூர்விகார்_மீனா எழுதியது:

எங்க சொசைட்டில பார்க்கிங் ரூலை மாத்த மீட்டிங் போட்டாங்க. விசிட்டர் வண்டி எங்க நிக்கணும்ன்ற ஒரே ஒரு வரி. ஒரு வருஷம் ஆச்சு, வாட்ஸப் க்ரூப் மூணா உடைஞ்சது, வரி இன்னும் பாஸ் ஆகல. அதே மாதிரி மனுஷங்கதான் தேசப் பிரிவினை, கலவரம், அகதிகள், காந்தி கொலை எல்லாத்துக்கும் நடுவுல மூணு வருஷத்துக்குள்ள 395 ஷரத்து, 8 அட்டவணை முடிச்சாங்க. கொடுத்த திருத்தங்கள் 7,635, சபையில நிஜமா எடுத்தது 2,473. நசிருதீன் அகமதுன்னு ஒருத்தர், கமா, ஃபுல்ஸ்டாப்புக்குக் கூட திருத்தம் குடுப்பார்.

அவர்தான் வரைவுக் குழு போற வேகத்தைப் பாத்து இது டிராஃப்டிங் கமிட்டி இல்ல, டிரிஃப்டிங் கமிட்டி, ஆத்துல மிதந்துட்டுப் போற கமிட்டின்னு பேர் வச்சார். அம்பேத்கர் 1949 நவம்பர் 25ம் தேதி பேச்சுல அதை எடுத்து, மிதந்தோம்தான், ஆனா பிடி எங்க கையிலதான் இருந்துச்சு, எந்த மீன் வேணும்னு தெரிஞ்சு தெரிஞ்ச தண்ணியிலதான் தேடினோம்னு பதில் குடுத்தார். கிண்டலுக்கு என்ன அழகான பதில் பாருங்க. கோவமே இல்ல.

கர்நாடகா ஹனுமந்தையா, பின்னாடி விதான சௌதா கட்டினாரே, அவர் இன்னும் ஒரு படி மேல. வீணை, சிதார் இசை கேக்க ஆசைப்பட்டோம், இங்கிலீஷ் பேண்ட் வாசிக்குதேன்னு சபையிலயே சொன்னார். சாசனம் வெள்ளைக்காரன் காப்பின்னு இன்னிக்கு யூட்யூப்ல பேசறவங்க இவரைப் படிக்கணும், ஏன்னா இவர் அப்படிச் சொல்லிட்டும் அதுல கையெழுத்துப் போட்ட சபையில உட்கார்ந்திருந்தவர்.

ஆர்கேபுரம்_சேஷாத்ரி எழுதியது:

இன்னொரு ஃபார்வர்ட் சுத்திண்டிருக்கு, சாசனம் எழுதினது சபையோட சட்ட ஆலோசகர் பி.என்.ராவ்தான், அம்பேத்கர் இல்லைன்னு. எங்க மலை மந்திர் வாக்கிங் கோஷ்டிலயே தினம் ஒருத்தர் ஆரம்பிக்கறார். ராவ் 1947 அக்டோபர்ல முதல் வரைவு தயார் பண்ணினார், 243 ஷரத்து, வாஸ்தவம். அந்தப் பெருமையை சபையில குடுத்ததே அம்பேத்கர்தான், அதே நவம்பர் 25 பேச்சுல, எனக்குக் குடுக்கற புகழ்ல ஒரு பங்கு ராவுக்குப் போகணும், சட்ட வாசகம் எழுதின எஸ்.என்.முகர்ஜிக்குப் போகணும்னு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1948 நவம்பர் 5ல டி.டி.கே. சொன்னதையும் சேர்த்துப் படிக்கணும்: ஏழு பேர் குழு, ஒருத்தர் ராஜினாமா, ஒருத்தர் காலமானார், ஒருத்தர் அமெரிக்காவுல, இன்னொருத்தர் ராஜாங்க வேலையில, சிலர் டெல்லிக்கே வர முடியலை, கடைசியில பாரம் பூரா அம்பேத்கர் தலையிலன்னு. ஒருத்தருக்கொருத்தர் பேரை விட்டுக் குடுத்துண்டிருக்கா. அதை வெச்சு நாம ரெண்டு பேரையும் மோத விடறது மகா பாவம்.

முனிர்கா_முரளி எழுதியது:

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வரேன், அதுவும் அதே நவம்பர் 25 பேச்சுதான். எல்லாரும் கட்சிக் கட்டுப்பாட்டுக்குத் தலையாட்டியிருந்தா இந்த சபை ரொம்ப சப்புன்னு போயிருக்கும், நல்ல வேளையா சில கலகக்காரங்க இருந்தாங்கன்னு சொல்லி, அம்பேத்கர் பேர் பேரா நன்றி சொல்றார்: காமத், தேஷ்முக், சித்வா, சக்சேனா, தாகுர் தாஸ் பார்கவா, அதோட கே.டி.ஷா, குன்ஸ்ரு. மூணு வருஷமா அவரைத் தூங்க விடாத ஆளுங்க லிஸ்ட் இது. அவங்க கேட்டதுல நிறைய நான் ஏத்துக்கலை, ஆனா அவங்க இல்லன்னா சாசனத்தோட கொள்கையை விளக்கிச் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைச்சிருக்காதுன்றார்.

2023 டிசம்பர் கூட்டத் தொடர்ல மொத்தம் 146 எம்பிக்களை சஸ்பெண்ட் பண்ணாங்க. அந்த லிஸ்டையும் இந்த லிஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறப்போ மனசு கஷ்டமா இருக்கு.

லஜ்பத்நகர்_லட்சுமணன் எழுதியது:

1989 மார்ச் 15ல ராஜீவ் ஆட்சியில ஒரே நாள்ல 63 எம்பி சஸ்பெண்ட் ஆனதையும் அதே பக்கத்துல வை முரளி. நான் 146ஐ நியாயப்படுத்தலை. ஆனா பேப்பரைக் கிழிச்சு வீசறதையும், மையத்துல வந்து பதாகை பிடிக்கறதையும் காமத் பண்ணலையே. கலகம் பண்ண ஒரு தகுதி வேணும், அவர் அத்தனை ஷரத்தையும் படிச்சுட்டு வந்தார்.

கரோல்பாக்_காளிமுத்து எழுதியது:

படிச்சுட்டு வர்றவனுக்குப் பேச நேரம் குடுக்கணும்ல. முதல் மக்களவை வருஷத்துக்கு சராசரி 135 நாள் கூடுச்சு, 17வது மக்களவை 55 நாள். துணை சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கணும்னு 93வது ஷரத்து சொல்லுது, அந்த அஞ்சு வருஷமும் தேர்ந்தெடுக்கவே இல்ல. அதுக்கு முன்னாடி அந்த நாற்காலியில உட்கார்ந்தவர் நம்ம தம்பிதுரை. இவ்ளோத்துக்கும் அவர் எங்க எதிர் கட்சி, ஆனா அந்த நாற்காலி காலியா கிடக்கறது எனக்கு உறுத்துது. எப்போன்னு கேட்டா, அங்கயும் கூடிய சீக்கிரம்னுதான் எழுதியிருக்கு!

லஜ்பத்நகர்_லட்சுமணன் எழுதியது:

இதுல உன்கூட முழுசா ஒத்துப் போறேன் அண்ணே. எங்க கட்சி அதைச் செய்யணும்.

திருநெல்வேலி_டு_நொய்டா எழுதியது:

ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கிட்டேன், ரெண்டு பேரும் ஒத்துப் போனது. முரளி அண்ணா, இதையெல்லாம் முழுசா படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது? பன்னெண்டு வால்யூம்னு பாத்தவுடனே கை நடுங்குது.

முனிர்கா_முரளி எழுதியது:

முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்காத தம்பி, நடைமுறை விதிகள்லயே மாட்டிக்குவ. எல்லாமே நெட்ல ஃப்ரீயா இருக்கு, தேதி போட்டுத் தேடினா போதும். 1949 நவம்பர் 25 அம்பேத்கர் பேச்சு மொதல்ல, ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாம். அப்புறம் 1946 டிசம்பர் 19 ஜெய்பால் சிங். அப்புறம் 1949 அக்டோபர் 17, அது டிராமா மாதிரி போகும், காந்தி பேரை முகவுரையில போடணும்னு சக்சேனா கேக்க, இது காந்திய சாசனமே இல்ல, அவர் பேரை இதுல இழுக்காதீங்கன்னு பிரஜேஷ்வர் பிரசாத் எதிர்க்க, அதுவும் அதே நாள்தான். மீனாக்கா சொன்ன கமா திருத்தங்களைத் தைரியமா தாண்டிப் போ. மொழி விவாதம் செப்டம்பர் 12, 13, 14, அதுக்கு ஒரு லீவு நாள் ஒதுக்கு, கோயம்புத்தூர் ராமலிங்கம் செட்டியார் பேச்சை விட்டுடாத, தெற்குக்கு இது வாழ்வா சாவான்ற கேள்வின்னு குரலை உயர்த்தாம சொல்லியிருப்பார்.

ஆர்கேபுரம்_சேஷாத்ரி எழுதியது:

கண் ஆபரேஷன் ஆனதுல இருந்து ஸ்க்ரீன்ல ரொம்ப நேரம் படிக்க முடியலை. பேரன்கிட்ட சொல்லி டெல்லி விவாதத்தை மட்டும் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கேன். 1949 ஆகஸ்ட் 1, சரிதானே முரளி?

முனிர்கா_முரளி எழுதியது:

ஆகஸ்ட் 1, 2 ரெண்டையும் எடுக்கச் சொல்லுங்க மாமா. காளிமுத்து அண்ணே, லட்சுமணன், நீங்க ரெண்டு பேரும் மே 30, 31 கவர்னர் விவாதத்தை முழுசா படிச்சுட்டு ஞாயித்துக்கிழமை இங்கயே வாங்க, அதுக்குத் தனி இழை திறக்கறேன்.